கைடு வீட்டுக்கு ஒரு பட்டுப்புடவை

1

ஸ்வீடனுக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று, என் மகள் யாழினி எங்கள் பல்கலைக்கழகத் துறையின் நடைவழியில் இருக்கும் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, "அம்மா, இந்தப் புடவை யாரோடது?" என்று கேட்டாள்.

"கவர்மெண்டோடது" என்றேன்.

பொய்யில்லை. அந்த அலமாரியில் ஒரு பழைய தராசு இருக்கிறது. யாரோ ஜப்பானியப் பேராசிரியர் விட்டுப்போன விசிறி இருக்கிறது. துறை எப்போதோ கால்பந்தில் ஜெயித்த கோப்பை இருக்கிறது. கோப்பைக்குப் பக்கத்தில் அரக்கு நிறத்தில், பச்சைக் கரை போட்டு, உடலெல்லாம் மாங்காய் புட்டாவுடன் ஒரு பட்டுப்புடவை அன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஸ்வீடிஷில் ஒரு சீட்டு: "பட்டுத் துணி. இந்தியா. ஆய்வு மாணவி ஒருவர் அளித்தது." துணியாம்! ஆரணிக்காரர் யாராவது இதைப் படித்தால் பெரிய ரகளையே ஆகிவிடும். ஊர்ப் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. இருந்தாலும் துறையில் எல்லோருக்கும் அந்த "ஒருவர்" யாரென்று தெரியும். ஐந்து வருடமாகக் காபி எடுக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போனேன், தாண்டும்போதெல்லாம் காது சூடாகும்.

அன்று யாழினியின் பள்ளி விடுமுறை. வீட்டில் விட ஆளில்லாததால் கூட்டி வந்திருந்தேன். அவளைக் கூட்டி வந்ததால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் புடவை எப்படி அலமாரிக்குள் போனது என்று முதலில் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

2

ஆரணியில் பிறந்தவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. எங்கே போனாலும் "எந்த ஊரு?" என்பார்கள். "ஆரணி" என்போம். "அடடே, பட்டு!" என்பார்கள். அடுத்த வாக்கியமும் மாறவே மாறாது: "நம்ம வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு எடுக்கணும், உங்க பக்கம் சொல்லிப் பார்த்து வாங்கித் தாங்களேன்."

எங்கள் வீட்டில் தறியைத் தொட்ட ஆளே கிடையாது. அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அம்மா சத்துணவு அமைப்பாளர். அம்மாவின் தம்பி ஏகாம்பரம் மாமா மட்டும் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளர். அது போதுமே! சத்துணவுக் கூடத்துக்கு ஆய்வுக்கு வரும் ஒவ்வொரு அதிகாரியும் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு மாமாவின் கடைக்குப் போய்விட்டுத்தான் ஜீப் ஏறுவார். அம்மா கூடவே போய், கடைக்காரரிடம் கெஞ்சி விலையைக் குறைத்துக் கொடுப்பார். பெரிய இடத்தில் இருப்பவரின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வது என்பது அம்மாவுக்குக் கைவந்த கலை.

நான் முனைவர் பட்டத்துக்கு முதலில் பதிவு செய்தது எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில்தான். கைடின் பெயர் எதற்கு? சார் என்றே வைத்துக்கொள்வோம். நேர்முகத் தேர்வில் என் மதிப்பெண் பட்டியலை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "அடடே, பட்டு!" என்றார். எனக்கு இடம் கிடைத்தது அந்த நொடியில்தான். என் மதிப்பெண் அதற்கு எந்த விதத்திலும் இடையூறாக இல்லை.

அப்புறம் இரண்டு வருடம் சாரின் வீட்டு மின் கட்டணம் கட்டினேன். அவர் மாமியாரின் கண் ஆபரேஷனுக்குத் துணையாகப் போனேன். அவர் மகளின் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்தேன். நான் படித்தது வேதியியல், ஆனால் தவளையின் ரத்த ஓட்டம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். சார் வீட்டுக் கல்யாணம் வந்தபோது எங்களுக்கு இலாகா பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவனுக்குப் பந்தல், ஒருவனுக்கு வேன், எனக்குப் பட்டு. ஏகாம்பரம் மாமா கடைத் தரை தெரியாத அளவுக்குப் புடவைகளை விரித்துப் போட்டார். சாரின் மனைவி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "இதே கலர்ல, கொஞ்சம் கலர் கம்மியா இருக்கா?" என்றார்.

என் ஆய்வு முன்னேற்ற அறிக்கை மட்டும் சார் மேசையிலேயே கிடந்தது. கையெழுத்துக் கேட்டுப் போனால், "இன்னிக்கு அஷ்டமிம்மா" என்பார். மறுநாள் போனால் நவமி.

இதனால் அவர் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். "சாப்டியாம்மா?" என்று தினமும் கேட்பார். தன் டிபன் பாக்ஸிலிருந்து வடை எடுத்துக் கொடுப்பார். அதுதான் பேஜாரே. திட்டுகிற ஆளாக இருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

ஸ்வீடனில் இடம் கிடைத்திருக்கிறது என்று நான் போய்ச் சொன்னபோது சார் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பாவோ வாத்தியாரோ "உன் இஷ்டம்" என்றால், அதற்குமேல் உன் தலைவிதி என்று பொருள். கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

3

நான் கிளம்பும்போது பெட்டியின் அடியில் அந்த அரக்குப் பட்டை அம்மா வைத்தார். நானே பார்த்திராத அழகு. ஏகாம்பரம் மாமாவைப் பத்து தரம் பரண் ஏற வைத்துத் தேர்ந்தெடுத்தாராம்.

"இது எதுக்கும்மா? எனக்கா?"

"உனக்கு எதுக்குடி? அங்க இருக்கற சார் சம்சாரத்துக்கு. மொத நாளே குடுத்துடு. லேட்டா குடுத்தா ஏதோ காரியத்துக்குக் குடுக்கறோம்னு நெனச்சிக்குவாங்க."

புது சாரின் பெயர் உல்ஃப். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். பெரிய பேராசிரியர், சாயம் கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்வதில் பெயர் பெற்றவர். சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டு மதியம்வரை அதோடேயே உட்கார்ந்திருப்பார். முதல் நாள் அவரே காபி போட்டு எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் பதறி எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு ஏதோ அவசரம்போல என்று நினைத்துக் கதவுக்கு வழிவிட்டு நின்றார். நானும் நின்றேன். காபி ஆறிப்போனது.

மறுநாள் புடவையைக் கொண்டுபோனேன். வெறும் கையில் கொடுப்பதா? தட்டு கிடைக்கவில்லை, ஆய்வகத்து ஸ்டீல் ட்ரேயைக் கழுவி எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே புடவை. இரண்டு கையாலும் நீட்டி, "உங்கள் மனைவிக்கு" என்றேன்.

உல்ஃபின் காது சிவந்தது. "எனக்கு மனைவி இல்லை. பீட்டர் இருக்கிறார்" என்றார்.

பீட்டருக்கும் அரக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லும் துணிச்சல் அப்போது எனக்கு இல்லை. மனைவி இல்லை என்பது பெரிய சிக்கலில்லை. இவர்களெல்லாம் அரசு ஊழியர்கள், மாணவியிடம் வெற்றிலைப்பாக்குகூட வாங்கக் கூடாது. அதே சமயம், இந்தியர் கொடுப்பதை மறுத்தால் அவமானம் என்று எங்கேயோ படித்திருக்கிறார். பாவம், வாங்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் துறைத் தலைவரிடம் ஓடினார். அடுத்த துறைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், வாகன நிறுத்தத்துக்கும் புதிய குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில், "பட்டு" என்று ஒரு தலைப்பு இருந்தது. அரைமணி நேரம் விவாதித்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில், புடவை உல்ஃபுக்குக் கொடுக்கப்பட்டதல்ல, துறைக்குக் கொடுக்கப்பட்டது, எனவே அரசின் சொத்து என்று முடிவாயிற்று. வாழைப்பழத்தை அன்றைய காபி நேரத்திலேயே சாப்பிட்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கல்யாணம் ஆவாதவரா? மொதல்லயே சொல்லக் கூடாதா, பட்டு வேட்டியா குடுத்து அனுப்பி இருப்பேன்ல!" என்றார்.

4

முதல் குளிர்காலம் முழுக்க, உல்ஃப் வேலை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் ஏதாவது செய்து கொண்டுவருவேன் என்று அவர் காத்திருந்தார். இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகக் காத்துக்கிடந்தோம். அவர் வாயில் "செய்" என்ற சொல்லே வராது. "அதைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்" என்பார். நானும், "ஆமாம், சுவாரசியமாகத்தான் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

துறை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரிட்டா அம்மாள்தான் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். "சுவாரசியமாக இருக்கும் என்றால், வெள்ளிக்கிழமைக்குள் செய் என்று பொருள். அதுவும் ஒரு வழிதான் என்றால், அந்தப் பக்கமே போகாதே. பிறகு பேசுவோம் என்றால், பேசவே மாட்டார்."

அட, இதுவும் அஷ்டமி நவமிதான். ஜூலை முழுக்க உல்ஃப் ஏரிக்கரைக் குடிசையில் போய் உட்கார்ந்துகொள்வார், உலகமே முழுகினாலும் ஒரு கையெழுத்து வாங்க முடியாது. ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். உல்ஃப் என்னைத் தவளை வரையச் சொன்னதில்லை. என் கட்டுரையை வரி வரியாகப் படித்தார். தப்பைத் தப்பு என்று சொன்னபோதும் மனம் நோகாமல் சொன்னார். எனக்கு அவர்மேல் உண்மையான மரியாதை உண்டு. மரியாதை இருந்ததால்தான் பயமும் போகவில்லை.

யாழினி வளர்ந்த விதம் வேறு. நாலு வயதில் வந்தவள், இப்போது ஒன்பது. ஆசிரியைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். உல்ஃபைப் பார்த்தால், "ஹலோ உல்ஃப், உன் சைக்கிள் எங்கே?" என்கிறாள். நான் கண்ணை உருட்டினால் என் கண்ணில் தூசியா என்று கேட்கிறாள். இங்கே பள்ளியில் கையை முன்னால் நீட்டி "வேண்டாம், நிறுத்து" என்று சொல்லப் பழக்குகிறார்கள். அவளும் இட்லி வேண்டாம், எண்ணெய்க் குளியல் வேண்டாம், தமிழ் வகுப்பு வேண்டாம் என்று நாள் முழுக்கப் பயிற்சி எடுக்கிறாள். பிள்ளை கையை விட்டுப் போகிறதே என்று ஒரு பக்கம் மனம் அடித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம் பொறாமையாக இருக்கிறது.

5

இந்த ஆகஸ்டில் உல்ஃப் ஏரிக்கரையிலிருந்து திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார். என் ஆய்வேடு ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியில் நகராட்சியின் குடிநீர் நிலையத்தில் எனக்கு வேலை காத்திருந்தது, பட்டத்தோடு வந்தால். அந்த வேலை இருந்தால்தான் குடியேற்ற அனுமதி நீளும். என் அனுமதியில்தான் என் கணவர் செந்திலும் யாழினியும் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். செந்தில் ஊரில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே தபால் பிரிக்கும் நிலையத்தில் பெட்டி தூக்குகிறார். இதெல்லாம் உல்ஃபுக்குத் தெரியும்.

"இன்னும் ஒரே ஒரு ஆய்வு" என்றார் உல்ஃப். "உப்புத் தண்ணீரில் சாயம் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால் மிகவும் சுவாரசியமாக இருக்கும். ஒரு வருடம். நமக்கு நிதி தருகிறவர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள்."

"குடிநீர் நிலையத்து வேலை?"

"பேசிப் பார்க்கலாம். காத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்." பிறகு கைகளை விரித்தார். "நிச்சயமாக, முடிவு உன்னுடையதுதான்."

போச்சுடா! கடல் கடந்து, இத்தனை குளிரைத் தின்று, அதே "உன் இஷ்டம்மா"வுக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஆய்வேடு தயார் என்று அவர் எழுதிக் கொடுக்காமல் தேர்வு நாள் குறிக்க மாட்டார்கள். "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் செந்தில், "முடியாதுன்னு சொல்லேன்" என்றார், உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடு என்பதுபோல.

"யாரு சொல்றது?"

"நீதான். வேற யாரு?"

ஒத்திகை பார்த்தோம். யாழினி சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உல்ஃப் ஆனாள். கைகளை விரித்து, "இன்னும் ஒரு ஆய்வு சுவாரசியமாக இருக்கும்" என்றாள் ஸ்வீடிஷில். அப்படியே அவர் குரல், அந்த இழுப்பு. நான் வாயைத் திறந்தேன். "சரி, பார்க்கிறேன்" என்று வந்தது. மறுபடி முயன்றோம். "கண்டிப்பா, பார்க்கிறேன்" என்று வந்தது. யாழினி ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மா, உனக்கு வரலை" என்று வருத்தமாகச் சொன்னாள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சார் சொன்னா கேட்டுக்கினு போயேன்டி. ஒரு வருசந்தானே?"

"வேலை போயிடும்மா. அனுமதியும் போயிடும்."

"அப்போ சார் மனசு எளகணும். அவருக்கு ஒரு பட்டு வேட்டி அனுப்பட்டா? ஏகாம்பரத்தாண்ட சொன்னா ஜல்தியா எடுத்து வப்பான். உன் பழைய சார்கூட போன மாசம் வந்து எடுத்துக்கினு போனாரு."

"யாரு வந்தாங்க?"

"உன் பழைய கைடுதான். மச்சினி பொண்ணு நிச்சயத்துக்கு. நாந்தான் கடைக்குக் கூட்டிகினு போனேன். வருசா வருசம் வந்துகினுதானே இருக்காரு."

என்னால் நம்ப முடியவில்லை. "அஞ்சு வருஷமாவா? எதுக்குமா நீ போற?"

"பின்ன? உன் பேப்பரு எதுனா அவராண்ட மாட்டிகினு இருக்குமோ இன்னாமோ."

"என் பேப்பர் எதுவும் அவர்கிட்ட இல்லம்மா!"

"இல்லன்னு உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?"

முட்டி தேய்ந்துபோன அம்மா, வெயிலில் தாங்கித் தாங்கி நடந்து, நான் எப்போதோ விட்டுவிட்டு வந்த ஆளுக்கு விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்காமலே, என்ன காரியம் என்றும் தெரியாமல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. சார்மேல் கோபம், அம்மாமேல் கோபம், எல்லாவற்றையும்விட "சரி, பார்க்கிறேன்" என்று சொன்ன என் வாய்மேல் கோபம்.

6

இனி அந்த ஐந்தாம் ஆண்டு நாளுக்கு வருகிறேன். அலமாரியைப் பார்த்துவிட்டு யாழினியும் நானும் காபி அறைக்குள் போனோம். மேசையில் கேக். என் ஐந்து வருடத்துக்காக உல்ஃபே வீட்டில் செய்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கம் சப்பிப்போயிருந்தது. துறையில் எல்லோரும் இருந்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

உல்ஃப் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். கடைசியில், "இன்னும் ஒரு வருடம் இவர் நம்மோடு இருக்கப்போகிறார், மிகவும் சுவாரசியமான ஒரு ஆய்வு" என்றார்.

என் "யோசிக்கிறேன்" அவர் காதில் சம்மதமாக விழுந்திருக்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் சிரித்தேன். சிரிப்புதான் வந்தது, என்ன செய்ய?

"உல்ஃப்" என்றாள் யாழினி, வாயில் கேக்கோடு, தெளிவான ஸ்வீடிஷில். "அம்மாவுக்கு அது சுவாரசியமாக இல்லை. உன்னிடம் சொல்ல அவளுக்குப் பயம்."

கைதட்டல் நின்றது. உல்ஃப் என்னைப் பார்த்தார். அறையே என்னைப் பார்த்தது. "குழந்தை ஏதோ உளறுகிறாள்" என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. நம்மூர்ப் பெண்களுக்கு அது பிறவியிலேயே தயாராக இருக்கும். பிள்ளையின் தலையில் ஒரு தட்டுத் தட்டி அதைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சுமுகமாகிவிடும். யாழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தட்டிவிடுவேனோ என்று அவள் தோள் கொஞ்சம் குறுகியது. அதைப் பார்த்ததும் என் மனது கேட்கவில்லை.

"அவள் சொல்வது சரி. அந்த ஆய்வை நான் செய்ய மாட்டேன். ஆய்வேட்டை அடுத்த மாதம் தருகிறேன். டிசம்பரில் முடிக்க வேண்டும்."

உல்ஃபின் காது சிவந்தது. "ஏன் முன்பே சொல்லவில்லை? முடிவு உன்னுடையது என்றேனே."

"சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்களோ என்று பயம்."

"நான் என்ன செய்துவிடுவேன்?" அவர் குரலில் உண்மையிலேயே அடிபட்ட வலி இருந்தது.

"ஒன்றும் செய்ய மாட்டீர்கள்" என்றேன். "கையெழுத்துப் போடாமல் சும்மா இருப்பீர்கள். என் குடும்பம் ஊருக்குப் பெட்டி கட்ட அதுவே போதும்."

பிரிட்டா அம்மாள் மட்டும் எழுந்து, கேக்கில் இருந்ததிலேயே பெரிய துண்டை வெட்டி யாழினியின் தட்டில் வைத்தார்.

7

அதற்கப்புறம் எல்லாம் இனிமையாக முடிந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. ஒரு வாரம் உல்ஃப் என்னிடம் "வணக்கம்" தவிர வேறு பேசவில்லை. நான் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டார். "எனக்கு அந்த ஆய்வு தேவையாக இருந்தது. உனக்குத் தேவையா என்று நான் யோசிக்கவில்லை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இன்னும் தேவைதான்" என்றும் சேர்த்துக்கொண்டார். நேர்மையான மனிதர். மறுநாள் ஆய்வேடு தயார் என்று எழுதிக் கொடுத்தார். திருத்தங்களை முன்பைவிட வேகமாக அனுப்பினார். "சுவாரசியம்" என்ற சொல்லை மட்டும் என் காதுபட அவர் அப்புறம் பயன்படுத்தவேயில்லை.

அடுத்து நான் போனது பிரிட்டா அம்மாளிடம். அலமாரிச் சாவி அவரிடம்தான் இருந்தது.

"எனக்கு அந்தப் புடவை வேண்டும்" என்றேன்.

"அது அரசின் சொத்தாயிற்றே. இங்கே ஆய்வு மாணவியும் அரசு ஊழியர்தான், அரசு ஊழியருக்கு அரசே பரிசு கொடுக்கவும் விதியில் இடமில்லை."

"அப்படியென்றால் இரவல் கொடுங்கள்."

பிரிட்டா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். உடல் குலுங்கச் சிரித்தார். பெயர் எழுதச் சொன்னார், எழுதினேன். திருப்பித் தரும் தேதி என்ன என்று கேட்டேன். "பிறகு பேசுவோம்" என்றார்.

8

இங்கே ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்குச் சில வாரம் முன்னால், அச்சான ஆய்வேட்டைப் பல்கலைக்கழகச் சுவரில் இருக்கும் மரப்பலகையில் மாணவரே ஆணி அடித்து மாட்ட வேண்டும். மெய்யாகவே சுத்தியல், மெய்யாகவே ஆணி. நவம்பர் மாதம், பகல் மூன்று மணிக்கே இருட்டு. நான் உள்ளே ஸ்வெட்டர் போட்டு, மேலே அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். ஐந்து வருடம் விளக்கு வெளிச்சத்தில் இருந்ததில் மடிப்பு ஓரத்தில் ஒரு கோடு வெளுத்திருந்தது. அதைத் தோளில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் போட்டுக்கொண்டேன்.

செந்தில் போனில் அம்மாவைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயோ, புஸ்தகத்து மேல ஆணியா அடிக்கப் போற? சரஸ்வதிடி!" என்றார் அம்மா முதலில். அடுத்து கண் புடவைக்குப் போனது. "இன்னாடி இது? சார் வூட்டுக்குக் குடுத்ததாச்சே?"

"திருப்பி வாங்கிட்டேன்மா."

"குடுத்ததைப் போய்த் திருப்பி வாங்குவாங்களா? அவுரு ஒண்ணும் சொல்லலையா?"

செந்தில் போனைத் திருப்பினார். என் பக்கத்தில் உல்ஃப், தலையில் ஹெல்மெட்டோடு, உள்ளங்கையில் ஆணிகளை ஏந்திக்கொண்டு, நான் கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்து பார்த்தார்.

"இவருதான் பெரிய சாரா?" என்றார் கடைசியில். "உனக்கு ஆணி எடுத்துக் குடுக்கறாரு?"

"ஆமாம்மா."

"நல்லா அடி. வளைஞ்சிடப் போவுது" என்றார்.

டிசம்பரில் தேர்வும் முடிந்தது. குடிநீர் நிலையத்தில் சேரும் தேதி வந்துவிட்டது. அலமாரியில் கோப்பைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. "பட்டுத் துணி" சீட்டை யாரும் எடுக்கவில்லை. உப்புத் தண்ணீர் ஆய்வுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். முதல் நாளே அவளை ஓரமாகக் கூப்பிட்டு "சுவாரசியம்" என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா தானாகவே கூப்பிட்டார்.

"உன் பழைய சார் போன் பண்ணாரு. தை மாசம் மருமவளுக்கு வளைகாப்பாம். பட்டு எடுக்கணுமாம், கடையாண்ட வந்து நில்லும்மான்னாரு."

எனக்குத் திக்கென்றது. "நீ என்னம்மா சொன்ன?"

"எனக்கு முட்டி வலி சார். பஸ் ஸ்டாண்டுல எறங்கி யாரைக் கேட்டாலும் கடையைச் சொல்லுவாங்க, நீங்களே போய் எடுத்துக்கோங்கன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"இன்னா சொல்லுவாரு? 'சரி, உங்க இஷ்டம்மா'ன்னாரு."

"நீ பயந்துட்டியாம்மா?"

"எதுக்குடி பயம்? 'ஆமா சார், என் இஷ்டந்தான்'னு சொல்லிட்டு வச்சிட்டேன்."